வகுப்பறைக்குள் வந்த போர்

2012ஆம் ஆண்டு ‘வேர்ல்ட் சைக்கியாட்ரி’ என்ற மருத்துவ இதழில் வட இலங்கைப் பாடசாலைகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. வீட்சே டோல், மார்க் ஜோர்டன்ஸ் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் போரால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளை அதில் சேர்த்திருந்தார்கள். எல்லோரும் 9 முதல் 12 வயது வரையானவர்கள். எந்தப் பாடசாலைக்கு உளசமூகச் செயற்பாடுகளை உடனே கொடுப்பது, எதைக் காத்திருக்க வைப்பது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள். ஆட்டம், பாட்டு, ஓவியம், நாடகம், குழு விளையாட்டு, நடந்ததைச் சொல்ல ஓர் இடம். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி கொடுத்துத் தயார்செய்யப்பட்ட உள்ளூர் ஆட்கள்.

ஆய்வாளர்கள் முதன்மையாக அளக்க விரும்பியவை எதிலும் இரண்டு தரப்புக்கும் இடையே ஒட்டுமொத்தமாக வேறுபாடு தென்படவில்லை. முரட்டு நடத்தை மட்டும் குறைந்திருந்தது, அதுவும் சிறிய பிள்ளைகளிடம் கூடுதலாக. ஆண்பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகளும் பதற்றமும் ஓரளவு தணிந்தன. பெண்பிள்ளைகளின் கணக்கு நேர்மாறாக வந்தது. அமர்வுகளில் கலந்துகொண்ட சிறுமிகளைவிட, காத்திருந்த சிறுமிகளுக்கே மனவடு அறிகுறிகள் அதிகம் குறைந்திருந்தன. அதாவது, ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே அந்தச் சிறுமிகள் இதைவிடத் தேறியிருப்பார்கள் என்று வாசிக்கக்கூடிய முடிவு.

போர், சுனாமி என்று எது வந்தாலும் “ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்” என்பது எல்லோரும் தயங்காமல் சொல்லும் தீர்வு. மூன்று நாள் செயலமர்வு, மதியச் சாப்பாடு, சான்றிதழ், குழுப் படம். அப்படிப்பட்ட பயிற்சியால் யாருக்கு என்ன கிடைத்தது என்று உலகிலேயே நுணுக்கமாக ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று இலங்கையின் தமிழ்ப் பகுதி. நம்முடைய பிள்ளைகளைப் பற்றிய அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு இது: பிள்ளையின் மனக்காயத்தைப் பற்றி ஆசிரியருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும், பாடசாலையின் அன்றாடம் மாறாவிட்டால் அந்த அறிவுக்கு வேலை இல்லை.

முதலில் காயத்தின் அளவு. ஜெர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் எல்பேர்ட், எலிசபெத் ஷாவர் முதலானோர், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பிந்திய காலத்தில் வடக்குக் கிழக்கில் 420 மாணவர்களை ஆராய்ந்தார்கள். பேட்டிகளை எடுத்தவர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். சண்டை, குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவரின் சாவைக் கண்ணால் காண்பது போன்ற கொடிய அனுபவம் ஒன்றாவது 92 சதவீதமான பிள்ளைகளுக்கு இருந்தது. நான்கில் ஒரு பிள்ளைக்கு, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று மருத்துவம் வரையறுக்கும் நிலை இருந்தது. வகுப்பறையை நேரடியாகத் தொடும் தகவல் ஒன்றும் அதில் உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் ஞாபகசக்திச் சோதனைகளும் பாடசாலைப் புள்ளிகளும் பின்தங்கியிருந்தன. தவணைப் பரீட்சையில் 30 புள்ளி எடுத்த பிள்ளையை “மொக்கு” என்று எழுப்பி நிறுத்துகிற ஆசிரியர், பல சந்தர்ப்பங்களில் ஷெல்லடியின் விளைவுக்குத்தான் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுனாமி. 2004 டிசம்பர் 26க்குப் பின் மூன்று நான்கு வாரங்களில் ஃபிராங்க் நொய்னரும் குழுவினரும் மூன்று கரையோரப் பகுதிகளில் 264 பிள்ளைகளைச் சந்தித்தார்கள். அவற்றுள் ஒன்று வடமராட்சிக் கிழக்கின் மணற்காடு. சுனாமியால் வந்த மனவடு இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் வரை வேறுபட்டது. அதே அலை, அதே நாள். ஆனால் ஏற்கெனவே போர் தின்ற கரையில் அது பட்ட விதம் வேறு.

இந்தப் பின்னணியில்தான் ‘ஆசிரிய உளவளத்துணையாளர்’ என்ற பாத்திரம் உருவானது. காரணம் எளிது, ஆள் இல்லை. நீண்ட காலம் வடக்கில் இருந்த மனநல மருத்துவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதை முன்கூட்டியே உணர்ந்து, ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள், தொண்டர்கள் என்று அடிமட்டத்தில் இருப்பவர்களுக்கு அடிப்படை உளநல அறிவைக் கொண்டுபோகும் வேலையைப் போர்க்காலத்திலேயே தொடங்கினார். யாழ்ப்பாணத்தின் சாந்திகம் நிறுவனம் அந்தப் பணியின் ஒரு மையம். சமூகம் முழுவதும் காயப்பட்டிருக்கும்போது தனிமனிதர்களை ஒவ்வொருவராகச் சிகிச்சை அறைக்குள் அழைப்பதில் பொருளில்லை என்பதும், குடும்பம், ஊர், கோயில், பாடசாலை என்ற பின்னல்களைச் சீராக்குவதே முதல் மருந்து என்பதும் அவர் திரும்பத் திரும்ப எழுதிவந்த கருத்து.

அந்தப் பயிற்சிகளில் மிக ஆழமானது எதுவென்று கேட்டால், கொன்ஸ்டன்ஸ் குழுவினர் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்த கதைகூறல் சிகிச்சையைச் சொல்வேன். பிள்ளையின் முன்னால் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். பிறந்த நாளிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை அது. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். கயிற்றின் மிச்சம் சுருண்டே கிடக்கும், இனி வரப்போகும் காலம் அது. பிள்ளை ஒவ்வொரு கல்லிலும் நின்று, என்ன கண்டது, என்ன கேட்டது, உடம்பு எப்படி நடுங்கியது என்று காலவரிசையில் சொல்லவேண்டும். கேட்பவர் எழுதிக்கொண்டு அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். சிதறிக்கிடக்கும் நினைவுக்கு முன்பின் வைத்துக்கொடுப்பதே இதன் அடிப்படை. கனவிலும் திடுக்கிடலிலும் இப்போதே நடப்பதுபோல வந்து தாக்குகிற ஒன்று, “அன்று நடந்தது” என்ற இடத்துக்குப் போய் அமரவேண்டும்.

சுனாமி நடந்த சில வாரங்களுக்குள் இந்த முறை சோதிக்கப்பட்டது. கிளவுடியா கட்டானியும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மனவடு நோய் இருந்த 31 பிள்ளைகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குக் கதைகூறல் சிகிச்சை, மற்றக் குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள்தான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரிய உளவளத்துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாம் குழுவில் 71 சதவீதமும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டுக்குமிடையே பெரிய வித்தியாசம் இல்லை. எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு ஒன்று ஒப்பிடுவதற்கு இல்லாததால், காலம் மட்டுமே எவ்வளவு ஆற்றியிருக்கும் என்பதை இந்த ஆய்வைக்கொண்டு சொல்லமுடியாது. ஆனாலும் ஒன்றை மறுக்க இயலாது. ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை, மூடிய கதவு, குறித்த நேரம், மேலிருந்து வழிகாட்ட ஓர் அனுபவசாலி என்ற ஏற்பாடு இருந்தபோது இந்த வேலை நடந்தது.

முதலில் சொன்ன 399 பிள்ளைகளின் ஆய்வு முழுவதும் வேறு வகை. அது ஒரு வகுப்புக்கே பொதுவாகக் கொடுக்கப்பட்ட தடுப்புமுறை. நலமாக இருப்பவர், சற்றே கலங்கியவர், உறக்கமே இல்லாதவர் எல்லோரும் ஒரே வட்டத்தில் கைகோத்து நின்றார்கள். சிறுமிகள் ஏன் பின்தங்கினார்கள் என்பதற்கு ஆய்வாளர்களிடமும் ஊகங்கள்தான் உண்டு. தானாக நடந்துகொண்டிருந்த ஆறுதலில் அமர்வுகள் குறுக்கிட்டிருக்கலாம். என் ஊகம் ஒன்றும் உண்டு. வகுப்பில் பையன்கள் பார்த்திருக்க மனத்தைத் திறந்த ஒரு பெண்பிள்ளைக்கு, அமர்வு முடிந்த பிறகு அந்த வகுப்பிலும் அந்த ஊரிலும்தான் வாழவேண்டியிருக்கிறது. தோழிகளோடும் தாயோடும் பெரியம்மாவோடும் தன் போக்கில் பேசி ஆறிக்கொண்டிருந்ததை, அட்டவணை போட்ட வட்டம் ஈடுசெய்யும் என்று எதிர்பார்த்தது அதிகம்.

அந்த ஆய்வு சொன்ன இன்னொன்றுதான் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். போரின் அன்றாட நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே அமர்வுகள் கூடுதலாகப் பயன்பட்டன. நெருக்கடி தொடர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. இது யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் ஆச்சரியம் தராது. இரவு சுற்றிவளைப்பு, காலையில் மனமகிழ் விளையாட்டு, மறுபடி இரவு.

இதே திசையில் இன்னும் அழுத்தமாகப் போகிறது காயத்திரி பெர்னாண்டோவும் கென்னத் மில்லரும் டேல் பேர்கரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு. இலங்கையின் 427 இளையோரை எடுத்து, போரும் சுனாமியும் ஒரு பக்கம், அன்றாடத் துன்பங்கள் மறுபக்கம் என்று பிரித்து எடைபோட்டார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, அடி, புறக்கணிப்பு போன்ற அன்றாடத் துன்பங்கள்தான் பிள்ளைகளின் உளநிலையைத் தீர்மானிப்பதில் முந்திநின்றன. கட்டானி குழுவினர் 2008இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், வடக்குக் கிழக்கின் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளில் 82.4 சதவீதத்தினர் போர் நிகழ்வு ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். குடும்பத்துக்குள் வன்முறை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95.6 சதவீதம். போரை எதிர்கொண்ட அளவும் தந்தையின் குடியும் அந்த வீட்டு அடியோடு தொடர்புபட்டிருந்தன. போர் வெளியிலிருந்து வந்து, அப்பாவின் போத்தல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, பிள்ளையின் முதுகில் இறங்கியது.

இப்போது பாடசாலைக்கு வருவோம். பிள்ளைக்கு அடி கிடைக்கிற அடுத்த இடம் அது.

அடி என்பதைக் கல்வியின் ஒரு பகுதியாக நாம் ஏற்றுக்கொண்டு எவ்வளவு காலமாயிற்று என்று யாருக்கும் தெரியாது. இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும் உடல்ரீதியான தண்டனையைப் பாடசாலைகளில் தடைசெய்தது. 2021இல் உயர் நீதிமன்றம், ஆசிரியர் ஒருவர் மாணவனை அடித்துக் காயப்படுத்திய வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. ஆனால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்காகச் செய்யப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வில், முந்திய தவணைக்குள் ஒருமுறையாவது அடிபட்டதாகச் சொன்ன மாணவர்கள் ஏறத்தாழ 80 சதவீதம். இது தெற்கு, வடக்கு என்ற வேறுபாடு பார்க்கும் பழக்கம் இல்லை.

இதை மனக்காயத்தோடு சேர்த்துப் பாருங்கள். மனவடு உள்ள பிள்ளையின் உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தபடி இருக்கிறது. பின்னாலிருந்து வரும் காலடிச் சத்தம், ஓங்கிய கை, உயர்ந்த குரல், மேசையில் அறையும் பிரம்பு எல்லாமே அதற்கு அபாய அறிவிப்பு. அந்தக் கணத்தில் கணக்குப் பாடம் மூளைக்குள் ஏறாது. பிள்ளை உறைந்து நிற்கும், அல்லது எதிர்த்துப் பாயும். உறைந்து நின்றால் “கல்லுளிமங்கன்” என்று அடி விழும், பாய்ந்தால் “திமிர்” என்று அடி விழும். முதல் நாள் செயலமர்வில் திடுக்கிடல், தவிர்த்தல், மீளநினைத்தல் என்று அறிகுறிகளைக் குறிப்பெடுத்த ஆசிரியர், மறுநாள் பிரம்போடு வகுப்புக்குள் போனால் அந்தக் குறிப்பேட்டால் யாருக்குப் பயன்?

உலகளவில் இந்தத் துறையின் வரலாறும் இதே சிக்கலில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் 1998இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் வளர்ந்தபின் உடல்நலத்தையே குலைக்கின்றன என்று காட்டியது. அதன்பின் மனக்காயத்தை அறிந்து நடக்கும் பாடசாலை என்ற கருத்து அங்கே வேகமாகப் பரவியது. வாஷிங்டன் மாநிலத்தின் வல்லா வல்லா நகரிலுள்ள லிங்கன் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி 2015இல் ஓர் ஆவணப்படமே வந்தது. 2014இல் அமெரிக்க அரசின் மனநலப் பணிகள் அமைப்பொன்று நான்கு படிகளை வகுத்தது. காயத்தின் தாக்கத்தை உணர்வது, அறிகுறியை இனங்காண்பது, அதற்கேற்ப நடைமுறைகளை மாற்றுவது, மறுபடி காயப்படுத்தாமல் இருப்பது. பயிற்சிகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. அவைதான் ஒளித்திரையில் காட்ட வசதியானவை. 2019இல் பிராண்டி மேனார்டும் குழுவினரும் இந்த அணுகுமுறையைப் பாடசாலை முழுவதுக்கும் செயற்படுத்தி ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகளை உலகெங்கும் தேடினார்கள். அவர்களுடைய தகுதிவரம்பில் ஒன்றுகூடத் தேறவில்லை. பயன் இல்லை என்பதல்ல இதன் பொருள். பயன் உண்டா என்று பார்க்காமலேயே எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அறிகுறிப் பட்டியலை விட்டுவிட்டு நேராக அடியைக் குறிவைத்த முயற்சி ஒன்று உகண்டாவில் உண்டு. ரெய்சிங் வொய்சஸ் என்ற அமைப்பின் ‘நல்ல பாடசாலை’ கையேட்டை லுவேரோ மாவட்டத்தின் 42 ஆரம்பப் பாடசாலைகளில் சோதித்து, கரென் டெவ்ரீஸ் குழுவினர் 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே பயிற்சி ஆசிரியரோடு முடியவில்லை. அதிபர், நிர்வாகம், மாணவர், பெற்றோர் எல்லோரும் சேர்ந்து பாடசாலை விதிகளை மாற்றினார்கள்; தண்டனைக்குப் பதில் என்ன செய்வது என்பதை மாணவர்களும் பேசித் தீர்மானித்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து, கடந்த வாரத்தில் பாடசாலை ஊழியர் கையால் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன மாணவர்கள் அந்தப் பாடசாலைகளில் 31 சதவீதம், ஏனையவற்றில் 49 சதவீதம். பாடசாலையில் பாதுகாப்பாக இருப்பதாக உணர்ந்தவர்களும் கூடினார்கள். மனநல அளவுகோல்களிலும் கல்விச் சோதனைகளிலும் மாற்றம் தெரியவில்லை. ஒன்றரை ஆண்டில் அதையும் எதிர்பார்ப்பது பேராசையாக இருக்கலாம். 31 சதவீதம் என்பதும் கொண்டாடத்தக்க எண் அல்ல. ஆனால் ஒரு பாடசாலை தன் கையில் உள்ளதை மாற்றமுடியும் என்பதற்கு இது சான்று. போரை நிறுத்த ஆசிரியரால் முடியாது. அப்பாவின் குடியை நிறுத்தவும் முடியாது. பிரம்பை அலுமாரிக்குள் வைக்க முடியும்.

பிரம்பைவிடச் சிறிய விடயங்களிலும் இது தெரியும். வடக்கில் ஆண்டின் முதல் தவணை இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். ஓட்டத்தைத் தொடங்கத் துவக்கு வெடிக்கும். ஷெல்லடிக்குள் பிறந்த பிள்ளையும், அந்த ஷெல்லடியைப் பற்றிக் கேட்டே வளர்ந்த தம்பியும் ஒரே மைதானத்தில் நிற்பார்கள். வெடி வைக்கப்போகிறோம் என்று முன்னரே சொல்வதற்கும், கொடியை வைத்துத் தொடங்குவதற்கும் பணம் செலவில்லை. சித்திரப் பாடத்தில் “உங்கள் குடும்பத்தை வரைக” என்று சொல்லிவிட்டுப் போகும்போது, 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு வன்னியில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தத் தலைப்பு இடிவிழுந்ததுபோல இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம்.

படிவம் இன்னொன்று. தந்தையின் பெயர், தொழில், உயிருடன் உள்ளாரா? காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளை இதற்கு என்ன எழுதும்? ஆம் என்றால் அவர் எங்கே என்று கேள்வி வரும். இல்லை என்றால் அம்மாவின் போராட்டத்தையே மறுத்ததாகும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலருகே 2017 பெப்ரவரி 20 முதல் தாய்மார் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு கேள்விக்குப் பதில் கேட்டுத்தான். அதே கேள்வியை ஒவ்வொரு ஜனவரியிலும் பிள்ளையிடம், சக மாணவர் கேட்க, வகுப்பாசிரியர் உரத்து வாசிக்கிறார் என்றால் அது கொடுமையால் அல்ல. படிவம் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். மனக்காயத்தை அறிந்த பயிற்சி என்று ஒன்று நடந்தால், அதில் அலுவலக எழுதுவினைஞரும் வாயிற்காவலரும் இருக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிள்ளை காலையில் முதலில் காண்பது காவலரை. பிந்தி வந்ததற்காக வெயிலில் நிறுத்துவதா, உள்ளே விடுவதா என்பதைத் தீர்மானிப்பவர் அவர்.

அரசியலைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்கமுடியாது. 2009க்குப் பின் வன்னிக்குள் நுழையும் திட்டங்களுக்கு ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. வீடு, வீதி, கிணறு கட்டுவதற்கு அனுமதி எளிது. உளசமூகப் பணிக்கும் உளவளத்துணைக்கும் கதவு பெரும்பாலும் அடைத்தே இருந்தது. மக்கள் அழத்தொடங்கினால் என்ன நடந்தது என்று சொல்லவும் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குள் இருந்தது என்று கருத இடமுண்டு. மிக அதிகமாகத் தேவைப்பட்ட காலத்தில் மிகக் குறைவாகக் கிடைத்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள்ளிருந்து பிள்ளைகள் அந்த ஆண்டே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். முன்னாள் சிறுவர் போராளிகள் சிலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார்கள். இதையெல்லாம் மீண்டெழுதல் என்று பத்திரிகைகள் எழுதின. பரீட்சை எழுதியதற்கும் தேறியதற்கும் இடையிலான தூரத்தைப் பற்றி எழுத இடம் இருக்கவில்லை.

மௌனம் ஒரு பக்கத்தால் மட்டும் வந்ததும் அல்ல. விடுதலைப் புலிகள் பாடசாலை வயதுப் பிள்ளைகளைப் படையில் சேர்த்த காலத்தில், வகுப்பில் ஒரு கதிரை வெறுமையானால் ஏன் என்று கேட்கமுடியாத ஆசிரியர்கள் இருந்தார்கள். 1995 செப்டம்பர் 22 அன்று நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, பாடசாலை பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையும் செத்தது. இன்று வகுப்பறையில் சுனாமியைப் பற்றிப் பேசலாம், கட்டுரை எழுதலாம், சுடர் ஏற்றலாம். போரின் இறுதி நாள்களை நினைவுகூரும் மே மாதத்தில், உறவினர் எப்படி இறந்தார் என்று எழுத முடியுமா என்பது அதிபரின் துணிச்சலைப் பொறுத்தது. கடல் கொன்றவர்களுக்கு அழலாம், மனிதர் கொன்றவர்களுக்கு அழக்கூடாது என்று கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, எந்தக் கயிற்றை விரித்தாலும் சில கற்களை வைக்க இடம் இருக்காது.

ஆசிரியரும் அதே பங்கருக்குள் இருந்தவர்தான். பயிற்சி நூல்கள் இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, சுவாசப் பயிற்சி செய்யச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. பிள்ளை கல்லின் மேல் நின்று சொல்வது ஆசிரியரின் சொந்தக் கதையாகவும் இருக்கும்போது, கேட்பவரைத் தாங்க யார் இருக்கிறார்? 2007இல் ஐ.நா. சார்ந்த அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட நெருக்கடிகால உளசமூக வழிகாட்டி, நடந்ததை ஒரே அமர்வில் கொட்டச் செய்யும் முறையைத் தவிர்க்கச் சொல்கிறது. திறந்த காயத்தைத் தொடர்ந்து பார்க்க ஆள் இல்லாவிட்டால் திறக்காதே என்பதே அதன் சாரம். அதனால்தான் எல்லா ஆசிரியரும் எல்லாப் பிள்ளையிடமும் “என்ன நடந்தது, சொல்லு” என்று கேட்கும்படி பயிற்றுவிப்பது ஆபத்தானது என்று நினைக்கிறேன். வகுப்பாசிரியர் கவனிக்கவேண்டும், அடிக்காமல் இருக்கவேண்டும், வகுப்பின் அன்றாடத்தை ஒழுங்குபடுத்தவேண்டும், யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருக்கவேண்டும். கேட்கும் வேலை, அதற்கென ஆழமாகப் பயின்று, மாதத்துக்கு ஒருமுறையாவது மூத்தவர் ஒருவரிடம் தன் சுமையை இறக்கிவைக்க வழியுள்ள ஒருவருக்கு உரியது. பாடசாலையில் அப்படி ஒருவர் போதும். ஆனால் அந்த ஒருவருக்குத் தனி அறையும், நேரசூசியில் பாடவேளையும் வேண்டும். ஆங்கில ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ள முதலில் அனுப்பப்படுபவராக அவர் இருக்கக்கூடாது.

வீட்டை இதிலிருந்து விலக்கவும் முடியாது. சிறிஸ்கந்தராஜாவும் நொய்னரும் கட்டானியும் 2015இல் வெளியிட்ட வடக்குப் பிள்ளைகள் பற்றிய ஆய்வில், பெற்றோரின் பரிவை உணர்ந்த பிள்ளைகளிடம் போரின் அனுபவம் மனத்துயராக மாறுவது குறைந்திருந்தது. பெற்றோர் கூட்டம் புள்ளிகளை வாசித்து அம்மாக்களைத் தலைகுனிய வைக்கும் நிகழ்வாக இருக்கும் வரை, பாடசாலை அந்தப் பரிவைக் கரைத்துக்கொண்டுதான் இருக்கும். குறிப்பாகத் தரம் 5 புலமைப்பரிசில் ஆண்டில். பத்து வயதுப் பிள்ளையின் மீது அந்தப் பரீட்சை ஏற்றும் பாரத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

கடைசியாக, பேருந்து. வன்னியின் பல பாடசாலைகள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்டவை. ஆசிரியர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்திலிருந்து நாளும் போய்வருகிறார்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது, மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடவேண்டும். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, வீட்டில் அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பேசத் தயங்கும் பிள்ளை பேசத் துணிவது பெரும்பாலும் மணி அடித்த பிறகு, மற்றவர்கள் போன பிறகு. கட்டாய சேவைக்காலம் முடிந்ததும் அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகிறார். அவர் பெற்ற பயிற்சியும் அவரோடு போகிறது. பிள்ளை தன் கதையை மறுபடி முதலிலிருந்து இன்னொருவரிடம் சொல்வதில்லை. வலயக் கல்விப் பணிமனை இடமாற்றப் பட்டியல் போடும்போது, உளவளத்துணைக்கு உரியவர் போகும் இடத்தில் யார் வருகிறார், இருவரும் ஒரு தவணையாவது சேர்ந்து பணியாற்றுவார்களா என்று கேட்பதற்குப் புதிய நிதியோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை. திட்ட அறிக்கைகள் எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள் என்று அச்சிடுகின்றன. அவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டு கழித்தும் அதே பாடசாலையில் இருக்கிறார்கள் என்பதையும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடலாம்.